டீஸலை மிச்சம் பிடிக்கும் காந்தம்

"மிச்சம்" என்ற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி மகிமை உண்டு. ஜவுளிக் கடைக்காரர் "தள்ளுபடி" என்று ஒரு பலகையைத் தொங்க விட்டால் எப்படி ஜனங்கள் கூடுகிறார்களோ, அப்படியே "எண்ணெய் மிச்சம்" என்று யாராவது சொன்னால் வண்டி வைத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக் கொள்கிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மோட்டார் ஸைக்கிளில் காரியாலயம் செல்லும் குமாஸ்தா முதல் பத்து லாரி ஓட்டும் முதலாளி வரையில், மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போது முகத்தைச் சுளிக்கச் செய்யும் செலவு ஒன்று உண்டென்றால் அது எண்ணெய்ச் செலவுதான். தேசத்தின் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. இந்தியா உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே, லிட்டருக்குக் கால் லிட்டர் மீத்துத் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தால் அவரை மாலையிட்டு வரவேற்க வேண்டியதுதான். அவர் சொல்வது மெய்யாயிருக்க வேண்டும், அவ்வளவே!

அப்படி முன்வருகிறவர்கள் அநேகர். ஒருவர் எண்ணெய்க் குழாயின் மேல் இறுக்கிக் கட்டும் காந்தக் கட்டியைக் காட்டுகிறார். இன்னொருவர் எஞ்சினுக்குள் காற்றுப் புகும் வாயில் செருக வேண்டிய தகர விசிறியைக் காட்டுகிறார். மூன்றாமவர் டாங்கியில் போடுவதற்கு மாத்திரை விற்கிறார். நாலாமவர் சற்றுப் பெரிய ஆசாமி. தண்ணீர் நிரப்பிய ஜாடி ஒன்றைப் பாட்டரியுடன் இணைத்து, குமிழி குமிழியாக வாயு கிளம்புவதைக் காட்டி, "இனிமேல் உங்கள் வண்டி பாதிக்குப் பாதி தண்ணீரில் ஓடும்" என்கிறார். நூற்றுக்கு இருபது மிச்சம், முப்பது மிச்சம் என்று ஆரம்பிக்கும் விளம்பரங்கள் சில சமயம் ஐம்பதில் போய் நிற்கின்றன.

இவையெல்லாம் உண்மையில் வேலை செய்கின்றனவா? கார் வைத்திருப்பவரின் வீட்டு வாசலில் நின்று இந்தக் கேள்வியை ஆராய்வதைவிட, காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நின்று ஆராய்வது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. காருக்குச் சொந்தக்காரர் ஏமாந்தால் அவர் ஒருவர்தான் ஏமாறுகிறார். கடற்கரையில் அப்படியில்லை.

குப்பத்துக் கணக்கு

சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் காவலிருக்க, நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் துறைமுகமும் பெட்டிக் கப்பல்களுமே ஞாபகத்துக்கு வரும். துறைமுகம் 2010-க்குப் பிறகு எழுந்தது. 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அந்தக் கரையிலும், வடக்கே ஏரியின் முகத்துவாரத்தைச் சுற்றியும் மீனவர் குப்பங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

முன்னாளில் இங்கே கட்டுமரமும் பாயும் துடுப்புந்தான். எண்ணெய்ச் செலவு என்பதே கிடையாது. வியர்வைச் செலவு ஒன்றுதான். பிற்பாடு கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து போன பிறகு, நிவாரணமாகக் கிடைத்த படகுகளால் அவை இன்னும் பெருகின. படகோடு கூடச் சிறு டீஸல் எஞ்சினும் வந்தது. எஞ்சின் வந்ததும் மரம் வலிக்கும் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் தினந்தோறும் கடலுக்குள் இறங்குமுன் கேனை நிரப்பியாக வேண்டும் என்ற புதுக் கவலையும் வந்து சேர்ந்தது. கரைக்கு அருகில் மீன் அகப்படுவது குறைந்துவிட்டது, முன்னைக் காட்டிலும் தூரம் போக வேண்டியிருக்கிறது என்று குப்பத்தார் சொல்கிறார்கள். தூரம் கூடினால் கேனும் கூடுகிறது. சர்க்கார் மீனவர்களுக்கு வரி நீக்கிய டீஸலை இத்தனை லிட்டர் என்று அளவு வைத்துக் கொடுக்கிறது. அளவு தீர்ந்தால் மற்றவர்கள் கொடுக்கும் விலைதான் அவர்களுக்கும்.

படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனதும் கிடைக்கும் பணத்தில் முதலில் கழிவது எண்ணெய்ச் செலவு. ஐஸுக்கும் மற்றச் சில்லறைச் செலவுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதைத்தான் பங்கு வைக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, கடலுக்குப் போன ஆளுக்கு இவ்வளவு என்று அது பிரியும். வலை வீசும் பையனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அந்தப் பங்குதான் அவனுடைய வீட்டு அரிசி. ஆகவே காந்தக் கட்டியைப் படகுக்காரர் ஒருவரே பார்த்து வாங்கினாலும், அது பொய்யாய்ப் போனால் அந்த நஷ்டத்திலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

இப்போது நேயர்கள் ஒரு காட்சியை மனத்தில் கற்பித்துக் கொள்ளட்டும். பழவேற்காட்டுப் படகுத் துறையில் ஒரு டீக்கடை. சட்டைப் பையில் இரண்டு பேனாவுடன் ஒரு மனிதர் வந்து உட்காருகிறார்.

"அண்ணே! ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஊத்துறீங்க?"

"பதினஞ்சு ஆவும், தம்பி."

"நம்ம காந்தத்தை மாட்டுனா பன்னிரண்டு போதும். மூணு லிட்டர் மிச்சம். ஒரு மாசத்துல காந்தத்தோட விலை வந்துடும். அப்புறம் வர்றதெல்லாம் லாபந்தானே?"

கணக்கில் தவறே இல்லை. மூன்று லிட்டர் மிஞ்சுவது மெய்யானால் பிறகு வருவதெல்லாம் லாபந்தான். பார்க்க வேண்டியது அந்த மூன்று லிட்டர் எங்கிருந்து வரும் என்பதை மாத்திரமே.

நூறு ரூபாய் எங்கே போகிறது?

நூறு ரூபாய்க்கு டீஸல் வாங்கி எஞ்சினில் ஊற்றுவதாக வைத்துக் கொள்வோம். அதில் சுமார் முப்பது ரூபாய்தான் எஞ்சினின் அச்சைச் சுழற்றும் சக்தியாக மாறுகிறது. முப்பது ரூபாய்க்கு மேல் புகைக் குழாய் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சினைக் குளிரச் செய்யும் நீரிலும் காற்றிலும் கரைகிறது. மீதி உராய்வில் தேய்கிறது. பெட்ரோல் எஞ்சினாயிருந்தால் கணக்கு இன்னும் சற்று மோசமாயிருக்கும். எழுபது ரூபாயும் வீண்தானா என்று வாசகர் பதறலாம். வீண்தான். ஆனால் அது எண்ணெய் எரியாததனால் உண்டான வீண் அல்ல. எண்ணெய் நன்றாக எரிந்து, அந்தச் சூட்டை முழுவதும் சுழற்சியாக மாற்ற முடியாததனால் உண்டானது. உஷ்ணத்தைக் கொண்டு வேலை வாங்கும் எந்த யந்திரத்துக்கும் இந்த விதி உண்டு. இதைக் குழாயின் மேல் எதையாவது கட்டி மீற முடியாது.

எரியாமலே வெளியேறும் எண்ணெய் எவ்வளவு? ஒழுங்காயுள்ள டீஸல் எஞ்சினில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். புதிய பெட்ரோல் கார்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இராது. மிச்சம் பிடிக்கும் சாதனங்களை விற்பவர்களோ அநேகமாக எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "எண்ணெய் பூரணமாக எரியும்!" பூரணமாக எரியட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் பானையில் ஒட்டியிருப்பதே இரண்டு பருக்கைகளானால், பானையை எவ்வளவு வழித்தாலும் ஒரு கவளம் சோறு கிடைக்குமா? நூற்றுக்கு இரண்டு வீணாகுமிடத்தில் நூற்றுக்கு இருபதை மீட்க மகாவிஷ்ணுவாலும் முடியாது.

கரும் புகை கக்கும் பழைய எஞ்சினில் வீண் இன்னும் கொஞ்சம் அதிகமாயிருக்கும் என்பது வாஸ்தவம். அதற்கு மருந்து எண்ணெய் பீய்ச்சும் மூக்கையும் வடிகட்டியையும் சுத்தம் செய்வது. அந்த வேலைக்கு நல்ல மெக்கானிக் ஒருவர் போதும்.

காந்தமும் ஜாடியும்

காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்புத் தூளைக் காந்தம் இழுக்கும். பெட்ரோலையும் டீஸலையும் அது இழுப்பதில்லை. மிகச் சொற்பமாக விலக்கித் தள்ளுகிறது. அந்தச் சொற்பமான விலக்கல், எண்ணெயின் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் பிணைப்பை அவிழ்க்கவோ மாற்றவோ போதாது. குழாயை விட்டு நீங்கிய மறு கணம் எண்ணெய் பழைய எண்ணெய்தான். தகர விசிறியோ, காற்றைச் சுழற்றி விடுகிறேன் என்று காற்றுப் புகும் வழியை அடைக்கிறது. மாத்திரைகளைப் பற்றி, வயிற்று வலிக்கு வாங்கும் மாத்திரையையே நாம் டாக்டரைக் கேட்டு வாங்குகிறோம் என்பதை மாத்திரம் நினைவூட்டி விட்டு விடுகிறேன்.

ஜாடிதான் கெட்டிக்காரச் சாதனம். அதில் பொய் வெளிக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரியும் என்பது மெய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்து பார்ப்பது. ஹைட்ரஜன் எரியும் என்பதும் மெய். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? எஞ்சின் சுற்றும் டைனமோவிலிருந்து. எஞ்சின் எதனால் சுற்றுகிறது? டாங்கியில் ஊற்றிய எண்ணெயால். நூறு ரூபாய் எண்ணெயிலிருந்து முப்பது ரூபாய்ச் சுழற்சி. சிறு டைனமோ நூற்றுக்கு அறுபது பங்கைத்தான் மின்சாரமாக்கும் என்று வைத்தால் பதினெட்டு ரூபாய். ஜாடியிலும் அதே விகிதத்தில் கழிந்தால் சுமார் பதினோரு ரூபாய் ஹைட்ரஜன். அதை மறுபடியும் எஞ்சினில் எரித்தால் கிடைக்கும் சுழற்சி மூன்று ரூபாய்ச் சொச்சம். முப்பது ரூபாய்ச் சுழற்சியைக் கொடுத்து மூன்று ரூபாய்ச் சுழற்சியை வாங்குகிற வியாபாரத்துக்கு நமது வட்டிக் கடைக்காரர் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆசை புதிதல்ல

இந்த ஆசை இன்று நேற்று முளைத்ததல்ல. 1930-களில், கானடா தேசத்து வின்னிப்பெக் நகரில் சார்லஸ் நெல்ஸன் போக் என்பவர் ஒரு கார்புரேட்டரைக் கண்டுபிடித்து உரிமைப் பட்டயமும் பெற்றார். ஒரு காலனுக்கு 200 மைல் ஓடும் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. அந்தக் கார்புரேட்டரைப் பூட்டிக் கொண்டு 200 மைல் ஓடிய காரை மாத்திரம் ஒருவரும் கடையில் வாங்கவில்லை. "எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கி விட்டன" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. உரிமைப் பட்டயம் என்பது யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக் கூடிய காகிதம். அதில் எழுதியிருப்பதை அமுக்கி வைக்க முடியாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது நம் ஊர் பஸ்களின் முதுகில் கரி அடுப்பு ஏறியதையும் இங்கே சொல்ல வேண்டும். கரியை அரைகுறையாக எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அது பொய்ச் சாதனமல்ல. மெய்யாகவே பெட்ரோலுக்குப் பதிலாக உழைத்தது. ஆனால் எஞ்சினின் சக்தி பெரிதும் குறைந்து விட்டது. புறப்படு முன் அடுப்பை மூட்டி ஊத வேண்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்று அந்த நாளைக் கண்ட பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாய்க் கிடைத்ததும் அடுப்புகள் இறங்கி விட்டன. மெய்யான சாதனத்துக்கு மெய்யான தொல்லைகளும் உண்டு. பொய்யான சாதனத்தில்தான் எல்லாம் லாபமாயிருக்கும்.

நம்மவர் கதையை விட்டு விடலாமா? 1996-ல் இராஜபாளையம் பக்கத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர் மூலிகையைத் தண்ணீரில் இட்டுப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது தமிழ்நாடே பூரித்தது. படித்தவர்களும் பாமரர்களும் ஒன்றாகப் பூரித்தார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்தையே வென்று விட்டார் என்ற பெருமை அதற்குக் காரணம். விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனைகளில் அது தேறவில்லை. அதற்குப் பிறகும் "மூலிகை எரிபொருள்" என்று விற்பனை நடந்தது. அதில் இருந்தது டொலுயீன், நாப்தா முதலிய பெட்ரோலியச் சரக்குகளின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016-ம் வருஷம் அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்று வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. தேசப் பற்று நல்ல விஷயந்தான். ஆனால் எண்ணெய்க்கு அது தெரிவதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சாதனங்களை ஒழுங்காகப் பரீக்ஷை செய்தே பார்த்திருக்கிறார்கள். 1970-களில் அங்கே எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது காளான் போல் சாதனங்கள் முளைத்தன. அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. குறிப்பிடத் தக்க மிச்சத்தைக் கொடுத்த சாதனம் எதையும் அது காணவில்லை. சில சாதனங்கள் எஞ்சினுக்குக் கெடுதல் செய்யக் கூடியவை. சில புகையின் நச்சை அதிகப்படுத்துபவை.

"எனக்கு மிஞ்சியதே!"

"நீர் என்ன சொன்னாலும் சரி, நான் மாட்டினேன், எனக்கு மிஞ்சியது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கேதான் விஷயம் சுவையாயிருக்கிறது.

ஒருவர் எப்போது இந்தச் சாதனத்தை வாங்குகிறார்? வழக்கத்துக்கு மேல் எண்ணெய் செலவான மாதத்தில். அப்படிப்பட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் தானாகவே செலவு சற்றுக் குறைந்து வழக்கமான அளவுக்குத் திரும்பும். ஜுரம் உச்சத்திலிருக்கும்போது கட்டிய தாயத்துக்கு ஜுரம் இறங்கிய புகழ் போய்ச் சேருவதில்லையா? அதைப் போலத்தான். சாதனத்தை மாட்ட வந்த மெக்கானிக் கையோடு காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்து வைக்கிறார். அந்தப் பலனும் காந்தத்தின் கணக்கில் ஏறுகிறது. மாட்டிய பிறகு மனிதர் எண்ணெய் மானியையே பார்த்துக் கொண்டு மெதுவாக ஓட்டுகிறார். மெதுவாக ஓட்டினால் காந்தம் இருந்தாலும் மிஞ்சும், இல்லாவிட்டாலும் மிஞ்சும்.

கடலில் இன்னொரு மாயமும் உண்டு. ரஸ்தா நகருவதில்லை, கடல் நகருகிறது. தென்னல் வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கே போகிறது. வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. முகத்துவாரத்தில் ஏற்றத்தில் நுழையும் படகுக்கும் வற்றத்தில் எதிர்த்து நுழையும் படகுக்கும் எண்ணெய்க் கணக்கு ஒன்றாயிருக்குமா? வலை நிறைந்து திரும்பும் நாளும் வெறும் வலையோடு திரும்பும் நாளும் ஒன்றாகுமா? நாளுக்கு நாள் இரண்டு மூன்று லிட்டர் தானாகவே கூடிக் குறையும் இடத்தில், மூன்று லிட்டர் மிச்சம் என்று எதை வேண்டுமானாலும் நிரூபித்து விடலாம். படகின் அணியத்தில் எலுமிச்சம்பழம் கட்டியும் நிரூபிக்கலாம்!

மெய்யாகவே மிஞ்சுவது எது?

சாதனம் என்றாலே மோசம் என்று சொல்வதும் தவறு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் விகான் என்ற ஊரில், பயணிகளை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர வண்டிகளில் பழைய "டூ ஸ்ட்ரோக்" எஞ்சின்கள் ஓடிக் கொண்டிருந்தன. அந்த வகை எஞ்சினில், புதிதாகப் புகும் பெட்ரோல் கலவையில் கணிசமான பகுதி எரியாமலே புகையோடு வெளியே ஓடி விடுகிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையிலிருந்து தோன்றிய என்விரோஃபிட் என்ற ஸ்தாபனம், புகைவாய் மூடிய பிறகு பெட்ரோலை நேராக ஸிலிண்டருக்குள் பீய்ச்சும் ஒரு கருவியைச் செய்து, 2000-களின் மத்தியில் அந்த வண்டிகளில் பொருத்தியது. எண்ணெய்ச் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அது மந்திரமல்ல. வீண் எங்கே இருந்ததோ அங்கே போய்க் கை வைத்தார்கள். லாரியின் தலைக்கு மேலும் பக்கங்களிலும் காற்றை வழுக்கி விடும் தகடு கட்டுவதும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் பெரிய வண்டிக்கு நூற்றுக்கு ஐந்து வரையில் கூட மிஞ்சும். காற்றைத் தள்ளுவதில் உண்மையாகவே எண்ணெய் போகிறதல்லவா?

அப்படியானால் காட்டுப்பள்ளிப் படகில் வீண் எங்கே இருக்கிறது? இதை ஆராய்ந்தவர்கள் நம் சென்னையிலேயே இருந்தார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்குச் சென்னைதான் தலைமை ஸ்தலம். அதில் உழைத்த ஊய்விந்த் குல்பிரான்ட்ஸென் என்ற நார்வே தேசத்துப் படகு நிபுணர், சிறு மீன்படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பதைப் பற்றி 1986-ல் ஒரு நூல் எழுதினார். 2012-ல் அதே விஷயத்தைப் பற்றி இன்னொரு கையேடும் எழுதினார். காந்தத்தைத் தேடும் மனிதருக்கு அவர் சொல்லும் யோசனைகள் சப்பென்றுதான் இருக்கும். வேகத்தைக் குறை, பெரிய சுழல் விசிறியை மெதுவாகச் சுற்ற விடு, படகின் அடியைச் சுத்தமாக வை, காற்று அனுகூலமானால் பாய் விரி.

முதல் யோசனையை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீரைப் பிளந்து போகும் படகுக்கு நீர் கொடுக்கும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. அலை எழுப்பும் வேகத்துக்கு வந்து விட்டால் அதற்கு மேலும் ஏறுகிறது. மணிக்கு 13 கிலோமீட்டர் போகிற படகு 26 கிலோமீட்டர் செல்ல இரண்டு மணி நேரம் ஆகும். அதை 11 கிலோமீட்டராகத் தணித்தால் இருபத்திரண்டு நிமிஷந்தான் அதிகம். எண்ணெயோ நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் குறையும். டீக்கடை மனிதர் சொன்ன மூன்று லிட்டர் இதிலேயே கிடைத்து விடுகிறது. கைக்கும் ஒரு காசு செலவில்லை. ரஸ்தாவிலும் இதே கதைதான். மோட்டார்க்காரர்களுக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று மத்திய சர்க்காரின் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் சொல்லி வருகிறது.

சுழல் விசிறியின் விஷயமும் சாமானியமல்ல. அச்சுக்கு வந்த முப்பது ரூபாயில் பாதிதான் படகைத் தள்ளுகிறது. மறு பாதியை விசிறி தண்ணீரைக் கடைவதில் தொலைக்கிறது. சின்ன விசிறி வேகமாகச் சுழன்றால் மோர் கடைவது போலத்தான். பல் சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்துப் பெரிய விசிறியைச் சுற்ற விட்டால் வீண் குறையும். ஆனால் முகத்துவாரத்து மணல் மேட்டில் தட்டாமல் பெரிய விசிறி ஓட வேண்டுமே! நீண்ட தண்டை மேலே தூக்கிக் கொண்டு ஆழமற்ற நீரைத் தாண்டும் வசதிக்காகத்தான் இந்தக் கரையில் சிறு விசிறி பழக்கமாயிற்று. அடியில் பிடிக்கும் பாசியும் சிப்பியும் கடற்கரைப் படகுக்கு அதிகமில்லை, தினமும் மணலில் ஏற்றிக் காய விடுகிறார்கள். ஏரி நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகள்தான் சுரண்டப்பட வேண்டியவை.

"மெதுவாகப் போ என்று சொல்ல உமக்கென்ன?" என்று படகுக்காரர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் கரை சேர்ந்த மீனுக்கு ஏலத்தில் விலை; பிந்தி வந்த மீனுக்கு மிச்சம் மீதி விலை. இருபத்திரண்டு நிமிஷத்தில் இறாலின் விலை இறங்கி விட்டால் மிஞ்சிய மூன்று லிட்டரால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆகவே திரும்பும் வேகத்தைப் பற்றி அவர்களுக்கு நாம் உபதேசம் செய்ய வேண்டாம். போகும் வேகம் வேறு விஷயம். விடியுமுன் புறப்பட்டுப் போகும் படகுக்கு ஏலக்காரர் யாரும் கடலில் காத்திருக்கவில்லை. நல்ல ஐஸ் பெட்டி ஒன்று படகில் இருந்தால் திரும்பும் அவசரமும் கொஞ்சம் குறையும். காந்தத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும்.

புட்டிச் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் டீக்கடை மனிதர் விடமாட்டார். அவரோடு வாதம் செய்வதில் பயனில்லை. சோதித்துப் பார்க்க அழைப்பதே வழி. செலவு அதிகமில்லை. கோடு போட்ட பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் டீஸலை ஊற்றி, எஞ்சினின் எண்ணெய்க் குழாயை அதில் விட வேண்டும். புட்டி அடிவரை காலியாகி விடக் கூடாது. குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் நின்று, அதை மறுபடி கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகி விடும். ஏரியில் காற்று அடங்கிய காலை நேரமாகப் பார்த்து, நட்டிருக்கும் இரண்டு கழிகளுக்கிடையில், விசையைக் கயிற்றால் ஒரே நிலையில் கட்டி வைத்து, போக ஒரு தடவை வர ஒரு தடவை ஓட்ட வேண்டும். எடுத்துக் கொண்ட நேரத்தையும் இறங்கிய எண்ணெயையும் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு காந்தத்துடன், காந்தமில்லாமல், மறுபடியும் காந்தத்துடன் என்று மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை. நூற்றுக்கு ஐந்துக்கு உட்பட்ட வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புட்டியின் கோட்டைப் பார்க்கும் கண்ணே அவ்வளவு பிசகும்.

மோட்டார் ஸைக்கிள்காரர்களும் இதைச் செய்யலாம். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே அளவுக்கு டாங்கியை நிரப்பி, காரியாலயத்துக்குப் போகும் அதே வழியில் மூன்று நான்கு டாங்கி ஓட்டிக் குறித்தால் போதும். ஒரு டாங்கியை வைத்து முடிவு கட்டுவது ஒரு நாள் மழையை வைத்துப் பருவத்தைக் கணிப்பது போலாகும்.

முக்கியமான ஒரு விதியை மாத்திரம் தளர்த்தக் கூடாது. சுக்கான் பிடிக்கிறவருக்குக் காந்தம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியக் கூடாது. குழாயின் மேல் எப்போதும் ஒரு துணியைச் சுற்றி வைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை வேறொருவர் ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக் கொள்ள வேண்டும். டீக்கடை மனிதர் விரும்பினால் அவரையே சுக்கான் பிடிக்கச் சொல்லலாம். துணிக்குள் இருப்பது காந்தமா, கூழாங்கல்லா என்று அவருக்கும் தெரியாதபடி பார்த்துக் கொண்டால் போதும்.